அறுவை முடிந்து 4 வருடம் கழித்துக் கண்ணில் நீர் வடிந்தால்

அப்பாவுக்கு டிராபெகுலெக்டமி (கண் அழுத்த நோய்க்கு, அழுத்தத்தைக் குறைக்கச் செய்யும் அறுவை) முடிந்து 4 வருடம், இப்போது அந்தக் கண்ணில் மட்டும் நீர் வடிகிறது, கண் அழுத்தம் 4 mmHg என்கிறீர்கள். 'குறைந்தால் நல்லதுதானே' என்று விட்டுவிட வேண்டாம். 5-க்குக் கீழே போனால் விழித்திரை நடுவில் சுருக்கம் விழலாம், பார்வை மங்கும்.

என் சந்தேகம் கசிவின் மேல்தான். இந்த அறுவையில் கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேற வழி செய்கிறார்கள். அது மேல் இமைக்கு அடியில் சின்னக் கொப்புளம் போலச் சேரும். தழும்பு கட்டி அந்த வழி மூடாமலிருக்கப் பலருக்கும் மைட்டோமைசின் என்ற மருந்தைப் பயன்படுத்துவார்கள். அதனாலேயே கொப்புளத்தின் தோல் வருடக்கணக்கில் மெலிந்து, ஊசித் துளை அளவுக்கு ஒழுகலாம். ஃபுளோரசீன் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் ஒழுகும் இடம் தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை, இந்தச் சோதனையைக் கேட்டே செய்துகொள்ளுங்கள்.

ஒழுகும் துளை கிருமிக்கும் வாசல். கண் சிவப்பு, வலி, பீளை, திடீர் மங்கல், இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும், அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். சாதாரணக் கண்வலி என்று கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக் காத்திருந்து பார்வையே போனவர்கள் உண்டு.

சரி, கசிவு என்றே வைத்துக்கொள்வோம். சிலருக்கு ஆன்டிபயாட்டிக் சொட்டும் கண்ணின் மேல் கட்டுப் போல வைக்கும் லென்ஸும் போதும். சிலருக்குத் தைக்க வேண்டிவரும். அதுவரை கண்ணைக் கசக்க விடாதீர்கள். அப்புறம், அந்தக் கண்ணுக்கு அழுத்தம் குறைக்கும் சொட்டு இன்னும் போடுகிறாரா? தொடரலாமா என்று நாளைக்கே மருத்துவரிடம் கேளுங்கள்.