மணிவிழாப் பரிசுக்கான தஞ்சாவூர் ஓவியம்: மக்கு வெடித்தால்

அப்பா அம்மா மணிவிழாவுக்குப் பரிசாக நீங்கள் செய்யும் கிருஷ்ணன் ஓவியத்தில், மேடு எழுப்ப வைத்த மக்கு (சுண்ணப்பொடியும் கோந்தும் கலந்த பசை) கிரீடத்தில் வெடித்துவிட்டதா? முழுசையும் பெயர்க்க வேண்டாம். கிரீடத்தில் கோடு விழுந்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு, மக்கைக் கொஞ்சம் தளர்வாகக் கரைத்து, மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு வையுங்கள். ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது.

கிருஷ்ணன் கிரீடத்தில்தான் மேடு அதிகம். ஒரே தடவையில் கனமாக வைத்து ஃபேனுக்கு அடியில் காயவிட்டிருப்பீர்கள். மேலே இறுகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். வெடிக்காமல் என்ன செய்யும்?

எதற்கும் வெடிக்காத ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். வெள்ளைப் பொடி விரலில் ஒட்டினால் கோந்து போதவில்லை. அப்படியென்றால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, அந்தப் பகுதியைப் புதிதாகத்தான் வைக்க வேண்டும்.

தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டியாகிவிட்டதா? அதன்மேல் பூசாதீர்கள், அந்த இடத்து ரேக்கையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். அப்பா அம்மா மணிவிழாத் தேதி நெருங்குகிறதே என்று ஹேர் டிரையரை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.