மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர்கள் யார், எங்கே கற்றார்கள், இதை வைத்துப் பிழைக்க முடிகிறதா?

கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் உங்கள் தம்பியை ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கக் கூப்பிடுகிறார்கள், அங்கே இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள், முறையாகப் படித்தவர்களா, வேறு வேலை இல்லாதவர்களா என்று வீட்டில் கவலைப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் 22 வருடமாகத் தபேலாவும் டோலக்கும் வாசிக்கிறேன். பகலில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை. எங்கள் குழுவில் 11 பேர். இசையை மட்டும் நம்பி வீடு நடத்துகிறவர்கள் அதில் 3 பேர்தான். டி.எம்.எஸ். பாட்டுகளைப் பாடுகிறவர் மின்வாரியத்தில் லைன்மேன். பேஸ் கிதார் அண்ணன் கூட்டுறவு வங்கியில் எழுத்தர். ரிதம் பேட் (தாள ஒலிகளைத் தட்டி எழுப்பும் மின்னணு வாத்தியம்) வாசிக்கும் தம்பி செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். ட்ரம்ஸ் வாசிப்பவர் பெயிண்டர். குழுவை நடத்துபவருக்கே ஒலிபெருக்கி, பந்தல் விளக்கு வாடகைக்கு விடும் தொழில் இருக்கிறது. இதனால் யாரும் வாசிப்பில் அரை மனசாக இருப்பதில்லை. லைன்மேன் அண்ணன் மழைக் காலத்தில் இரவு முழுக்கக் கம்பத்தில் ஏறி இறங்கிவிட்டு, மறுநாள் ரிகர்சலுக்குச் சரியான நேரத்துக்கு வந்து உட்கார்ந்ததை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

சரி, எங்கே கற்றார்கள்? ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாசலில் நுழைந்து வந்தவர்கள். யார் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பது அவர்கள் வாசிக்கும்போது காதில் விழும்.

பேஸ் கிதார் அண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சின்ன வயதிலிருந்து தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். அங்கே ஒரே பாட்டைச் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று நாலு குரலாகப் பிரித்துப் பாடுவார்கள். குரல் உடைந்த பிறகு அவர் பாஸ் வரிசையில் நின்றிருக்கிறார். எல்லோரும் பாட்டின் மெட்டைக் கேட்டு வளரும்போது, இவர் மெட்டுக்கு அடியில் ஓடும் இன்னொரு மெட்டைக் கேட்டு வளர்ந்திருக்கிறார். இன்றைக்கும் புதுப் பாட்டு ஒன்றைக் கொடுத்தால் மற்றவர்கள் பல்லவியை முணுமுணுப்பார்கள், இவர் அடிநாதத்தை முணுமுணுப்பார். திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் வட்டாரக் குழுக்களில் கிதார், கீபோர்டு வாசிப்பவர்கள் நிறையப் பேர் தேவாலயத்திலிருந்து வந்ததற்குக் காரணம் அந்த வாராந்தரப் பயிற்சிதான். ஞாயிறுதோறும் கூட்டத்துக்கு முன்னால் வாசித்துப் பழகியவனுக்கு மேடை பயம் இருக்காது.

சாக்ஸபோன் வாசிப்பவர் நாதசுரக் குடும்பம். காலையில் முகூர்த்தத்தில் நாதசுரம், இரவில் எங்களோடு சாக்ஸ். நாதசுரத்தில் விரலால் துளையைப் பாதி மூடி, வாயில் வைத்து ஊதும் சீவாளியை உதட்டால் அழுத்தித் தளர்த்திக் கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவையும் வளைவையும், கொண்டுவரலாம். சாக்ஸில் சாவிகள் இருப்பதால் விரலுக்கு அந்த வசதி குறைவு. உதடும் மூச்சும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். கத்ரி கோபால்நாத்தும் நாதசுரக் குடும்பத்திலிருந்து வந்து சாக்ஸபோனைக் கர்நாடக இசைக்குப் பழக்கியவர்தான். எங்கள் ஊர்ப் பக்கம் கோயில் கொடை விழா மேடையில் ‘சிங்காரவேலனே தேவா’ கேட்காத ஊர் குறைவு. 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகி அதைப் பாட, உடன் நாதசுரம் வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். காருகுறிச்சி எங்கள் மாவட்டத்து ஊர் என்பதால் அந்தப் பாட்டில் ஒரு பிடி பிசகினாலும் முன்வரிசைப் பெரியவர்கள் முகம் மாறிவிடும். நம்மாள் சாக்ஸில் அதை வாசிக்கும்போது அந்த முகங்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கையில் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் குழுவில் இரண்டு பேர். பாடகியான தங்கை மாவட்ட அரசு இசைப்பள்ளியில் 3 வருடம் குரலிசை படித்தவர். தமிழ்நாட்டில் இப்படி 17 மாவட்ட இசைப்பள்ளிகள் உண்டு. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். இன்னொருவன் செல்போன் கடைத் தம்பி. ரிதம் பேடுக்கு வருவதற்கு முன் கீபோர்டு கற்று, லண்டன் ட்ரினிட்டி கல்லூரித் தேர்வில் சில கிரேடு முடித்தவன். சான்றிதழ் உதவியதா என்றால் உதவியது, ஆனால் பாதி தூரம்தான். தங்கை சேர்ந்த புதிதில் எல்லா வரியிலும் கமகம் போட்டுவிடுவார். சினிமாப் பாட்டில் சில இடத்தில் சுரத்தை ஆடாமல் அசையாமல் நிறுத்தினால்தான் அந்தப் பாட்டு. மைக்கை எவ்வளவு பக்கத்தில் வைத்துப் பாடுவது என்பதும் அவர் மேடையில் கற்றுக்கொண்டதுதான். அதற்கு ஒரு வருடம் ஆனது.

கீபோர்டு அண்ணன் யாரிடமும் போய்ப் படித்ததில்லை. அவருடைய குரு ஒரு பழைய டேப் ரெக்கார்டர். பாட்டின் நடுவே வரும் ஒரு இன்டர்லூடை, அதாவது இடையிசையை, நாலு சுரம் கேட்பது, நிறுத்துவது, திருப்பி ஓட்டுவது, மறுபடி கேட்பது. டேப் கொஞ்சம் வேகமாக ஓடினால் பாட்டின் ஸ்ருதியே ஏறிவிடும். கீபோர்டின் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு நடுவில் எங்கோ நிற்கும். அதற்குத் தக்கபடி கீபோர்டின் ஸ்ருதியை நகர்த்தி வைத்துக்கொண்டு கேட்பார். இப்படி நூற்றுக்கணக்கான பாட்டுகளை ஒரு ‘பிட்’ (சின்ன இசைத் துணுக்கு) விடாமல் எடுத்திருக்கிறார். ரெக்கார்டிங்கில் பெரிய வயலின் கூட்டமே உட்கார்ந்து வாசித்ததை மேடையில் இவர் ஒருவரே இடது கையில் பிடிக்க வேண்டும், வலது கையில் புல்லாங்குழல் பிட் வரும், அது முடிந்த அரை நொடியில் டோன் மாற்றி வீணை வரும். எதை வாசித்தால் பாட்டு எடுபடும், எதை விட்டாலும் கேட்பவருக்குக் குறை தெரியாது என்று தீர்மானிப்பது பெரிய அறிவு. இதை ‘காப்பியடிப்பது’ என்று சொல்பவர்கள் மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஒரு இசையமைப்பாளர் ஏன் அந்த இடத்தில் அந்த வாத்தியத்தை வைத்தார் என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்காமல் ஒரு பாட்டை மேடையில் எடுபடச் செய்ய முடியாது. உங்கள் தம்பி கீபோர்டுக்காரர் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன்.

ட்ரம்ஸ் அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய அப்பா பறை வாசித்தவர். அண்ணன் கையில் இருக்கும் அடி வேறு யாருக்கும் வராது. தெம்மாங்கு மெட்டுப் பாட்டு எடுத்தால் கூட்டம் அவரைப் பார்த்துத்தான் எழுந்து ஆடும். பல வருடம் முன்பு ஒரு ஊரில் கச்சேரிக்கு முன்னால் சாப்பாடு போடும்போது, விசாரித்துத் தெரிந்துகொண்டு அவருக்கு மட்டும் தனியாக இலை போட்டார்கள். எங்கள் குழுத்தலைவர் எழுந்து, “எல்லாருக்கும் ஒரே பந்தி, இல்லையென்றால் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டார். வேனில் ஏற்றிய சாமானை நாங்கள் இறக்கவே இல்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகு விழாக் கமிட்டியார் வந்து ஒரே பந்தியில் உட்கார வைத்தார்கள். அண்ணன் அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் அன்று வாசித்த மாதிரி பிறகு எப்போதும் நான் கேட்டதில்லை. யாரோடு சேர்ந்து வாசிக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பெண் பாடகிகளின் நிலை தனி. எங்கள் குழுவில் இதுவரை ஐந்து பேர் பாடியிருக்கிறார்கள். நாலு பேர் கல்யாணத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒருவருக்கு நல்ல குரல், பி. சுசீலா பாட்டுகளை அப்படிப் பாடுவார். நிச்சயம் ஆன மறுவாரமே மாப்பிள்ளை வீட்டில் மேடை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பாடும் தங்கையோடு அவர் கணவரே வருகிறார், வேன் ஓட்டுவதும் அவர்தான். அப்படி அமைவது இன்னும் அபூர்வமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் வருமானம். எனக்கு இப்போது ஒரு இரவுக்கு 1,800 ரூபாய் கிடைக்கிறது. கீபோர்டுக்குக் கொஞ்சம் கூடுதல், சில பாடகர்களுக்கு இன்னும் கூடுதல். வருடத்துக்கு 50 கச்சேரி வந்தால் நல்ல வருடம். ஆனால் அவை வருடம் முழுக்கப் பரவி வருவதில்லை. சித்திரை, வைகாசி, ஆடி, ஆவணியில் கோயில் கொடை, புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசரா, டிசம்பரில் கிறிஸ்துமஸ், நடுவே கல்யாண வரவேற்புகள். இடையில் ஒரு மாதம் முழுக்கக் கையில் ஒன்றுமே இல்லாமல் போவதும் உண்டு. முன்பு இரவு 10 மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய வாசிப்போம். 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலங்களில் அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மேல் முடியாது. கெடுபிடி ஏறஏற எங்கள் கச்சேரி நேரம் பாதியாகிவிட்டது. பகல் வேலை வைத்திருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போக முடிகிறது என்பது அதில் கிடைத்த நன்மை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது யாருக்கு வேறு வேலை இருக்கிறது என்பது சட்டென்று பெரிய விஷயமாகிவிட்டது. அந்த வருடமும் அடுத்த வருடமும் கொடை சீசன் போயிற்று. இசையை மட்டும் நம்பியிருந்த மூன்று பேரில் கீபோர்டு அண்ணன் இரண்டு கீபோர்டில் ஒன்றை விற்றார். லீடு கிதார் வாசித்தவர் சரக்கு ஆட்டோ ஓட்டப் போனார். திரும்பி வரவில்லை, இப்போது வேறொருவர் வாசிக்கிறார். சாக்ஸ்காரருக்கும் முகூர்த்த வாசிப்பு பெரும்பாலும் நின்றுபோனது. நாங்கள் மாதச் சம்பளக்காரர்கள் சேர்ந்து எங்களால் முடிந்ததைக் கொடுத்தோம், அது போதவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் குழுவில் சேரும் எந்தப் பையனிடமும் கையில் இன்னொரு தொழில் வைத்துக்கொள் என்று சொல்கிறேன்.

இதிலிருந்து சினிமாவுக்குப் போகலாமா என்று உங்கள் தம்பி கண்டிப்பாகக் கேட்டிருப்பார். போனவர்கள் இருக்கிறார்கள். இளையராஜா பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர். எஸ்.பி. பாலசுப்ரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜாவும் கங்கை அமரனும் வாசித்திருக்கிறார்கள். சினிமாப் பின்னணிப் பாடகி உமா ரமணன் ஏ.வி. ரமணனின் மேடைக் குழுவில் பாடியவர். ஏ.ஆர். ரஹ்மான் அப்பாவை இழந்த பிறகு சிறு வயதிலேயே கீபோர்டு வாசித்துச் சம்பாதிக்க வந்தவர், ட்ரம்ஸ் கலைஞர் சிவமணியோடு ‘ரூட்ஸ்’ இசைக்குழுவில் இருந்தவர். ஆனால் அந்தக் காலத்தில் ஸ்டுடியோவில் முழுக் குழுவும் உட்கார்ந்து வாசித்தால்தான் ஒரு பாட்டு பதிவாகும். அதனால் வாசிப்பவர்கள் நிறையத் தேவைப்பட்டார்கள். இன்றைக்கு ஒரு கணினியில் பாதிப் பாட்டு முடிந்துவிடுகிறது, அந்த வாசல் சுருங்கிவிட்டது. எங்கள் குழுவிலிருந்து சென்னைக்குப் போன ஒரு பையன் இப்போது தொலைக்காட்சிப் பாட்டு நிகழ்ச்சிகளுக்கு வாசிக்கிறான், நன்றாக இருக்கிறான். போன இன்னும் இரண்டு பேர் திரும்பி வந்து எங்களோடுதான் வாசிக்கிறார்கள். அவர்களைத் தோற்றவர்களாக நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவர்கள் கையில் இருக்கும் வாசிப்பு சென்னையில் இருந்தபோது எப்படியோ அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் தம்பியைச் சேர விடுங்கள் என்றுதான் சொல்வேன். முதலில் ஒரு ரிகர்சலுக்கு மட்டும் போகட்டும். தப்பு விழுந்தால் யார் சொல்கிறார்கள், எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனிக்கட்டும். நல்ல குழுவில் பெரியவர்கள் வாசித்துக் காட்டித் திருத்துவார்கள், மட்டமான குழுவில் கத்துவார்கள். பேமெண்ட் கச்சேரி முடிந்த அன்றே கைக்கு வருகிறதா என்று அங்கே வாசிக்கும் இளைஞர்களிடம் தனியாகக் கேட்கட்டும். கல்லூரித் தேர்வும் சித்திரைக் கொடையும் ஒரே சமயத்தில் வரும், எந்தத் தேதிக்கு வர முடியாது என்பதை இப்போதே குழுத்தலைவரிடம் சொல்லிவிட வேண்டும். முதல் கச்சேரிக்கு அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். முன்வரிசை வேண்டாம், மேடைக்குப் பக்கவாட்டில் நாற்காலி போட்டு உட்காருங்கள். அங்கிருந்து பார்த்தால்தான் கீபோர்டுக்காரரின் இரண்டு கையும் தெரியும்.