துக்க வீட்டில் அல்லேலூயா

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடியில் வங்கி வேலையில் இருக்கிறேன். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்து இறைச்சி தொடவில்லை. வெள்ளிதோறும் சிலுவைப் பாதை, பெரிய வியாழன் இரவு நற்கருணை முன் விழிப்பு, பெரிய வெள்ளிக்குக் கஞ்சி என்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. உயிர்ப்பு ஞாயிறு மதியம் தெருவெல்லாம் பிரியாணி மணக்க, அத்தனையும் முடிந்துபோனது. திங்கட்கிழமைப் பூசையில் கோயில் கிட்டத்தட்ட காலி. உயிர்ப்பு ஞாயிறு முதல் தூய ஆவியார் பெருவிழா வரை பாஸ்கா காலம் ஐம்பது நாள் என்கிறார் பங்குத்தந்தை. அந்த ஐம்பது நாளும் என்னதான் செய்வது?

இன்னொன்று. சென்ற நவம்பரில் அப்பா தவறிவிட்டார். ‘களிகூருங்கள்’ என்று பீடத்திலிருந்து சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. அல்லேலூயா வாயில் வருகிறது, மனதில் வரவில்லை. இப்படிப் பாடுவது பொய் இல்லையா? வருடம் திரும்பும்வரை நல்லநாள் எதுவும் வேண்டாம் என்கிறார் அம்மா. அவரை வற்புறுத்தலாமா?

ர., தூத்துக்குடி

அன்புள்ள தம்பி,

அப்பாவின் ஆன்மா இறைவனில் இளைப்பாறட்டும். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள் இருக்கிறது.

பாஸ்கா எண்கிழமையில், அதாவது உயிர்ப்பு ஞாயிறு முதல் அடுத்த ஞாயிறு வரையான எட்டு நாளில், பூசைக்கு வாசிக்கும் நற்செய்திகளை வரிசையாக எடுத்துப் படியுங்கள். செவ்வாயன்று மகதலா மரியா கல்லறைக்கு வெளியே அழுதுகொண்டு நிற்கிறார். புதனன்று எம்மாவுக்குப் போகிற இருவர் முகம் வாடி நடக்கிறார்கள். வெள்ளியன்று பேதுரு பழைய பிழைப்புக்கே திரும்பி மீன்பிடிக்கப் போகிறார்; இரவு முழுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ஞாயிறன்று சீடர்கள் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்கள். இவர்களில் ஒருவருக்காவது விழாக் கொண்டாடும் மனநிலை இருந்ததா? எல்லாருமே துக்க வீட்டுக்காரர்கள். அவர்கள் தேறி முடிக்கட்டும் என்று ஆண்டவர் காத்திருக்கவில்லை. அழுகையின் நடுவில் வந்தார். மரியாவைப் பெயர் சொல்லி அழைத்தார். மீன் கிடைக்காதவர்களுக்குக் கரையில் கரிநெருப்பு மூட்டிக் காலை உணவு வைத்திருந்தார். கடற்கரைக்காரரான உங்களுக்கு அந்தக் காலையின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

உயிர்ப்பு வந்துவிட்டது, இனிச் சோகம் கூடாது என்ற தொனியில் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். உயிர்த்த உடலிலும் ஆணித் தழும்புகள் இருந்தன. அவற்றைக் காட்டித்தான் தோமாவை அவர் நம்பவைத்தார். மயிலாப்பூரில் அடக்கமானதாக நாம் போற்றுகிற அந்தத் தோமா, ‘நீரே என் ஆண்டவர்! நீரே என் கடவுள்!’ என்று சொன்னது காயத்தைப் பார்த்த பிறகு. பாஸ்காவின் இரண்டாம் ஞாயிறன்று, ஞாயிறு வாசகங்கள் சுழன்று வரும் மூன்று ஆண்டுகளிலும் மாறாமல் இந்த நற்செய்தியையே வாசிக்கிறோம்.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. இலங்கையில் கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்புக்கு அருகே கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சியோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. செவ்வாயன்றே கட்டுவாப்பிட்டியவில் வரிசையாகச் சவப்பெட்டிகளை வைத்து அடக்கச் சடங்கு நடத்தினார்கள். மரியா அழுகிற நற்செய்திக்குரிய அதே செவ்வாய். அந்தக் கோயிலில் இரத்தம் தெறித்து நின்ற உயிர்த்த இயேசுவின் சுரூபத்தைக் கழுவாமல் பாதுகாத்தார்கள். பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்தவர்களிடம் போய், நீங்கள் அல்லேலூயா சொல்வது பொய் என்று யார் சொல்ல முடியும்?

‘கிறிஸ்து உயிர்த்தார்’ என்பது நடந்ததைச் சொல்லும் சாட்சி. நம் மனம் நன்றாக இருக்கிற நாளில் அது கூடுதல் உண்மையாகிவிடுவதில்லை, மனம் உடைந்த நாளில் குறைந்துபோவதும் இல்லை. அதைப் பாடுவது சபை. உங்களுக்குத் தொண்டை அடைக்கிறதா, நின்று கேளுங்கள். பக்கத்தில் நிற்பவர் அன்றைக்கு உங்களுக்கும் சேர்த்துப் பாடுவார். அடுத்த வருடம் அவர் வீட்டில் துக்கம் நடந்தால் நீங்கள் பாடுவீர்கள்.

பீடத்தருகே நிற்கிற பாஸ்கா திரியை, உயிர்த்த கிறிஸ்துவைக் குறிக்கும் அந்தப் பெரிய மெழுகுதிரியைப் பாருங்கள். தூய ஆவியார் பெருவிழா வரை அது அங்கேதான் எரியும். பிறகு திருமுழுக்குத் தொட்டியருகே கொண்டுபோய் வைப்பார்கள். பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போது அதிலிருந்துதான் தீ எடுப்பார்கள். அடக்கப் பூசையில் அதைச் சவப்பெட்டியருகே வைக்க வேண்டும் என்றும், கிறிஸ்தவனின் சாவு அவனுடைய பாஸ்கா, அதாவது வாழ்வுக்குக் கடந்துபோதல், என்று அது காட்டுகிறது என்றும் உரோமைத் திருவழிபாட்டுப் பேராயம் 1988இல் எழுதியிருக்கிறது. அப்பாவை வழியனுப்பிய திருச்சடங்கும் இந்த ஐம்பது நாளும் ஒரே திரியின் வெளிச்சத்தில் நடப்பவை. துக்கக்காரருக்கு இந்தக் காலத்தில் இடமில்லை என்று நினைக்காதீர்கள்; இதில் முதல் உரிமை உங்களுக்குத்தான்.

இனி, என்ன செய்வது என்ற கேள்வி. நமக்குப் பாடுகளைக் கடைப்பிடிக்கத் தெரிந்த அளவுக்கு உயிர்ப்பைக் கடைப்பிடிக்கத் தெரியவில்லை. பெரிய வெள்ளிக்குக் கோயில் கொள்ளாத கூட்டம், திங்கட்கிழமை காலி பெஞ்சு. ஒறுத்தலை எண்ணிவிடலாம், பெற்றுக்கொள்வதை எண்ண முடியாது என்பதே காரணம் என்று நினைக்கிறேன். ஆதித் திருச்சபை இதில் கண்டிப்பாக இருந்தது. ஞாயிறுகளிலும் பாஸ்கா காலத்திலும் முழந்தாளிடாமல் நின்றே செபிக்க வேண்டும் என்று 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் சட்டமே இயற்றியது. உயிர்த்தெழுந்தவரின் மக்கள் எழுந்து நிற்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். புனித அகுஸ்தினார், பாஸ்காவுக்கு முந்தைய நாள்கள் நாம் இப்போது படும் பாட்டையும், பிந்தைய ஐம்பது நாள் வரப்போகிற வாழ்வையும் குறிப்பதாகச் சங்கீதம் 148க்கான உரையில் சொல்கிறார். ஆகவே இன்னொரு ஒறுத்தல் பட்டியலை என்னிடம் கேட்காதீர்கள்.

திருத்தூதர் பணிகள் நூலைப் படியுங்கள். பாஸ்கா கால முதல் வாசகம் அதிலிருந்துதான் வருகிறது. மொத்தம் 28 அதிகாரம். தினம் அரை அதிகாரத்துக்குக் கொஞ்சம் கூட. கதவைப் பூட்டிக்கொண்டிருந்தவர்கள் தெருவுக்கு வந்தது, சொத்தை விற்றுப் பகிர்ந்தது, தங்கள் கைம்பெண்கள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டதும் அதற்கென்றே ஏழு பேரை நியமித்தது என எல்லாம் அதில் இருக்கிறது. உயிர்ப்பை நம்பியவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று சோறு பங்கிட்டது. தவக்காலத்தில் இறைச்சிக்கு ஆகாமல் மிஞ்சிய காசு கையில் இருக்கும். இந்த வருடம் சாவு விழுந்த இன்னொரு வீடு உங்கள் பங்கிலும் இருக்கும். ஒரு மாலை மளிகையோடு அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அவர்களிடம் என்ன பேசுவது என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்?

அம்மாவை வற்புறுத்தாதீர்கள். புதுச்சேலையும் பலகாரமும் இல்லாததால் பாஸ்கா குறைந்துவிடாது. வருடத் துக்கம் காப்பது அவர் அப்பாவுக்குச் செலுத்தும் அன்பு. அதில் பாவம் எதுவும் இல்லை. ஆனால் அவரைத் தனியாகவும் விடாதீர்கள். பாஸ்கா காலத்தில் மூவேளைச் செபத்துக்குப் பதிலாக ‘விண்ணக அரசியே, மனம் களிகூரும்’ சொல்வது வழக்கம். மகனைப் புதைத்த ஒரு தாயிடம், மாதாவிடம், சொல்கிற செபம் அது. மே மாதம் மாதாவுக்கு வணக்கமாதமும் வந்துவிடும். வீட்டில் செபமாலை முடிந்ததும் இருவரும் எழுந்து நின்று அதைச் சொல்லுங்கள். அப்பாவுக்காக ஒரு பூசைக்கும் பங்கு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அந்தப் பூசைக்கு அம்மா நிச்சயம் வருவார்.

அன்புடன்.