நெட்டில் பார்த்த அந்த ஒரு வருஷம்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. பாய்லர் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றும் வேலையை 20 வருஷம் பார்த்தவர். நெஞ்சில் நீர் கோத்து, பயாப்சி எடுத்ததில் 'மீசோதீலியோமா' என்று வந்திருக்கிறது. நுரையீரல் உறையில் வரும் கேன்சராம். ஒரு வருஷம்தான் என்று நெட்டில் போட்டிருக்கிறார்கள். உண்மையா டாக்டர்? அப்பாவிடம் சொல்லலாமா?
- ஒரு மகள், கோவை

பதில்: அந்த ஒரு வருஷம் பொய்யில்லை அம்மா. ஆனால் அது கெடுவும் இல்லை. இந்த நோய் வந்த 100 பேரை, வாழ்ந்த காலத்தின்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் கணக்கு அது. பாதிப்பேர் அதைத் தாண்டியவர்கள். ஐந்து வருஷம் கடப்பவர் சுமாராகப் பத்தில் ஒருவர். ஸ்டீபன் ஜே கூல்டு என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 1982ல் வயிற்று உறையில் இதே நோய் வந்தது. அப்போதைய நடுக்கணக்கு எட்டு மாதம். அவர் 20 வருஷம் வாழ்ந்தார். அப்பாவுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். நுரையீரல் உறையில் வருவது அதைவிடக் கடுமை.

பயாப்சி ரிப்போர்ட்டில் ஒரு சொல்லைத் தேடுங்கள். 'எபிதீலியாய்டு' என்றிருந்தால் மற்ற வகைகளைவிட நிதானமாக வளரும். 'சார்கோமட்டாய்டு' என்றால் வேகம் அதிகம். இரண்டும் கலந்ததும் உண்டு. செலவு விஷயத்திலும் இந்தச் சொல் முக்கியம். 2021ல் வெளியான ஆய்வில் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்) மருந்துகள் கொடுத்தவர்களின் நடுக்கணக்கு 18 மாதம், கீமோ மட்டும் எடுத்தவர்களுக்கு 14. எபிதீலியாய்டு அல்லாத வகைகளில் இந்த மருந்துகளால் காலம் இரு மடங்கானது. எபிதீலியாய்டில் வித்தியாசம் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான். அந்த வகையாக இருந்து, விலை கட்டுப்படியாகாவிட்டால், வீட்டை விற்காதீர்கள். பெமெட்ரெக்ஸெட் கீமோ ஒன்றும் குறைந்த வைத்தியம் இல்லை. பெரிய ஆபரேஷன் செய்யச் சொன்னால் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில் ஆபரேஷன் ஆயுளைக் கூட்டவில்லை.

மூச்சைக் கவனியுங்கள், அதில் நிச்சயம் உதவ முடியும். தேன் நிறத்தில் ஒன்றரை லிட்டர் நீரை எடுத்த பிறகு, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்றவர் முழு வாக்கியமாகப் பேசுவதை வார்டில் பார்த்திருக்கிறேன். திரும்பத் திரும்பக் கோத்தால் டால்க் பவுடர் போட்டு நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைக்கலாம், அல்லது சிறு குழாய் வைத்து வீட்டிலேயே வடிக்கலாம். வலிக்கு மார்ஃபின் தந்தால் பயப்படாதீர்கள். வலி, மூச்சுத்திணறல் போன்ற வேதனையைத் தணிக்கும் பாலியேட்டிவ் டாக்டரை இப்போதே பாருங்கள், கடைசியில் அல்ல.

சொல்லலாமா என்றால், சொல்லுங்கள். ஒரு மகன், அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து 'சொல்லாதீங்க' என்று எனக்குக் கையசைத்தார். அவர் மருந்து வாங்கப் போனதும் பெரியவர் கேட்டார்: "கேன்சர்தானே சார்? பையன்கிட்ட சொல்லிடாதீங்க, தாங்கமாட்டான்." எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் அப்பாவிடமே கேளுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதீலியோமா இஎஸ்ஐ தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இழப்பீடு கேட்க உதவும், பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். எந்த வருஷம், எந்த ஷெட், கூட யார் யார் வேலை பார்த்தார்கள் என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். கூட இருந்தவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள். இந்த நார் உள்ளே போய் 20, 30, 40 வருஷம் கழித்தும் நோய் வரும்.