என் மகளைக் கயாக்கிங்கில் சேர்த்தால் அவள் மனதுக்கு நல்லதா?

15 வயது மகள் சில மாதங்களாக அறையை விட்டு வெளியே வருவதில்லை, மனநல ஆலோசகரைப் பார்த்துவருகிறோம், கூடவே கயாக்கிங் (குறுகலான சிறு படகில் துடுப்புப் போட்டுப் போவது) வகுப்பிலும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேருங்கள். ஆனால் ஆலோசகரிடம் போவதை நிறுத்திவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயதுக்குள் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது. உங்கள் வீட்டில் மட்டும் நடப்பது இல்லை இது.

நான் 6 வருடமாக வார இறுதிகளில் பிள்ளைகளுக்குத் துடுப்புப் போடக் கற்றுத்தருகிறேன். ஒரு பெண் வந்தாள், உங்கள் மகள் வயதுதான். முதல் நான்கு வாரம் "ம்", "சரி" தவிர அநேகமாக வேறு பேச்சே இல்லை. இருவர் உட்காரும் கயாக்கில் அவள் முன்னால், நான் பின்னால். முன்னால் இருப்பவர் எந்த வேகத்தில் துடுப்புப் போடுகிறாரோ அதே தாளத்தில்தான் பின்னால் இருப்பவரும் போட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு துடுப்பும் இடித்துக்கொள்ளும். அவள் நிறுத்தினால் நானும் நிறுத்துவேன், அவள் மெதுவாகப் போட்டால் நானும் மெதுவாக. ஐந்தாவது வாரம் நடுத்தண்ணீரில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், "எனக்கு ராத்திரி தூக்கமே வராது" என்றாள். துடுப்பு நுனியிலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. மீதியை அவளே சொன்னாள்.

எதிரே உட்கார்ந்து "என்ன ஆச்சு, சொல்லு" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டால் இந்த வயதுப் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். படகில் யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. கைக்கு வேலை இருக்கிறது, ஃபோன் கரையில் இருக்கிறது, கவனம் சிதறினால் படகு உடனே ஆடிக் காட்டிவிடும். பள்ளியில் நடந்ததையே திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருக்கும் மனதுக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிய ஓய்வு என்று கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் 2010-ல் தொடங்கிய 'வேவ் ப்ராஜெக்ட்', தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இயங்கும் 'வேவ்ஸ் ஃபார் சேஞ்ச்' என்ற அமைப்புகள் இரண்டும் அலைச்சறுக்கை இப்படித்தான் பிள்ளைகளின் மனநலத்துக்குப் பயன்படுத்துகின்றன. கேப் டவுனில் பிள்ளைகளின் பகுதியைச் சேர்ந்த இளைஞர்களையே பயிற்சியாளர்களாகத் தயார் செய்கிறார்கள். இந்தத் துறையில் வந்த ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் பெரும்பாலும் சிறியவை, குறுகிய காலத்துக்கானவை. அதனால் யாராவது "எட்டு வாரத்தில் குணமாகிவிடும்" என்று சொன்னால் அங்கே சேர்க்காதீர்கள்.

வாராவாரம் அதே பயிற்சியாளர் வருவாரா என்று முதலில் கேளுங்கள். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் அந்த நான்கு வாரத்து மௌனம் வீணாகிவிடும். லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் கட்டாயமா, கவிழ்ந்தால் திரும்ப ஏறுவதைக் கரையோரத்திலேயே சொல்லித்தருகிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, பயிற்சியாளரிடமும் சொல்லிவிடுங்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இருந்தால் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை படகு காத்திருக்கட்டும். அப்புறம், ஐஸ் தண்ணீரில் குதிப்பது மன அழுத்தத்துக்கு மருந்து என்று வரும் வீடியோக்களை நம்பி இறக்கிவிடாதீர்கள். திடீரென்று குளிர்ந்த நீரில் விழுந்தால் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் ஆபத்து.

முதல் நாள் அவள் படகில் ஏற மாட்டேன் என்று சொல்லலாம். வற்புறுத்த வேண்டாம். அந்தப் பெண்ணும் முதல் வாரம் கால்களை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டு கரையில்தான் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது, "அடுத்த வாரம் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.