டிரா போதும் என்று இருக்காதீர்கள்

கேள்வி (2025 அக்டோபர் தொடக்கத்தில் வந்தது): 2023-ல் பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் இந்தியக் கால்பந்து அணி குவைத்தை வென்று தெற்காசிய நாடுகளுக்கான சாஃப் கோப்பையைத் தூக்கியதை நேரில் பார்த்தவன் நான். அதற்கப்புறம் பட்ட ஏமாற்றங்களில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வரும் அக்டோபர் 9-ம் தேதி சிங்கப்பூரில் ஒரு டிரா, 14-ம் தேதி கோவாவில் ஒரு வெற்றி, இவ்வளவு கிடைத்தால் போதும் என்றிருக்கிறேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பியோ, ‘ரெண்டையும் ஜெயிக்கணும்ணே’ என்கிறான். நிதானமாக இருப்பது தப்பா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: உங்கள் தம்பி சொல்வதுதான் சரி. ஜெயிப்போமா என்று சந்தேகப்படுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் டிரா கிடைத்தால் போதும் என்று திருப்திப்படுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் புள்ளிகளைப் பாருங்கள். இரண்டு ஆட்டம் முடிந்து நம்மிடம் இருப்பது ஒரே ஒரு புள்ளி. ஹாங்காங்குக்கு 4, சிங்கப்பூருக்கு 4. பிரிவில் முதலிடம் பிடிக்கும் அணி மட்டும்தான் 2027-ல் சவுதி அரேபியாவுக்குப் போகும். நீங்கள் ஆசைப்படுகிற மாதிரியே நடந்தால் (டிராவுக்கு 1, வெற்றிக்கு 3) நமக்கு 5 புள்ளி. அதே நாட்களில் ஹாங்காங் வங்கதேசத்தோடு இரண்டு முறை மோதுகிறது. இரண்டிலும் ஜெயித்தால் அவர்களுக்கு 10. அதற்கப்புறம் நாம் மீதி இரண்டையும் ஜெயித்தாலும் 11-தான், ஹாங்காங் எங்காவது சறுக்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதுதான். இன்னொன்றும் சொல்கிறேன். நான்கையும் நாம் ஜெயித்து 13 புள்ளி எடுத்தாலும், ஹாங்காங் நம்மைத் தவிர மற்ற எல்லாரையும் வென்றால் அவர்களுக்கும் 13. அப்போது நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களைத்தான் பார்ப்பார்கள். ஜூனில் அவர்களிடம் 0-1 என்று தோற்றிருக்கிறோம். அதனால் அந்தக் கணக்கில் முந்த, நம் மண்ணில் அவர்களை இரண்டு கோல் வித்தியாசத்தில் அடித்தாக வேண்டும். இந்த நிலைமையில் டிராவைக் கொண்டாட எங்கே இடம் இருக்கிறது?

அடுத்தது, நம் அணி டிராவைக் காப்பாற்றப் போய் என்ன ஆகிறது என்பது. 2019 ஜனவரி, ஷார்ஜா. பஹ்ரைனோடு டிரா செய்திருந்தால் ஆசியக் கோப்பையின் அடுத்த சுற்று. முழு நேரமும் பின்னால் நின்று தடுத்தோம், 91-வது நிமிடம் பெனால்டி, முடிந்தது. 2024 மார்ச், குவாஹாட்டி. ஆப்கானிஸ்தானுக்கு எதிராக அப்போதைய கேப்டன் சுனில் சேத்ரி அடித்து முன்னிலை. 70-வது நிமிடம் சமனானது, 88-வது நிமிடம் பெனால்டி, 1-2 தோல்வி. இந்த ஜூனில் ஹாங்காங்கில் மறுபடியும், கூடுதல் நேரத்தில் பெனால்டி. மூன்று முறையும் துரதிர்ஷ்டம் என்று என்னால் சொல்ல முடியாது. நம் பெனால்டி பாக்ஸுக்குள்ளேயே பந்து அரை மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தால், களைத்துப்போன ஒரு கால் தப்பான நேரத்தில் நீளத்தான் செய்யும்.

கோவா வெற்றியை இப்போதே கையிருப்பில் சேர்த்துவிட்டீர்களே, அதுவும் எனக்குக் கவலை தருகிறது. சொந்த மண்ணில் நாம் ஆடிய கடைசி நான்கு தகுதி ஆட்டங்கள்: புவனேஸ்வரில் கத்தாரிடம் 0-3, குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2, கொல்கத்தாவில் குவைத்தோடு 0-0, ஷில்லாங்கில் வங்கதேசத்தோடு 0-0. ஒரு வெற்றிகூட இல்லை. வெளியூரிலோ குவைத்திலேயே போய் ஜெயித்திருக்கிறோம். 2024 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில், தோஹாவில் கோட்டைத் தாண்டிப் போன பந்தை உள்ளே இழுத்து கத்தார் கோலாக்கியது அநியாயம்தான், எனக்கும் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்தக் கடைசி ஆட்டத்தை நம்பி நிற்கும் நிலைக்கு நம்மைத் தள்ளியது குவாஹாட்டியும் கொல்கத்தாவும்தான். இந்தப் பிரிவில் மற்ற மூன்று அணிகளும் தரவரிசையில் நமக்குக் கீழே. அதை நம்பித்தான் ஷில்லாங்கில் அலட்சியமாக இருந்தோம். அன்று வங்கதேசம் முதல் பாதியிலேயே கோல் அடித்திருக்க வேண்டியது.

இதற்கெல்லாம் காரணம் கோல் அடிக்க ஆள் இல்லாததுதான். நாட்டின் முதல்நிலை லீக்கான ஐ.எஸ்.எல்.லில் பெரும்பாலான அணிகள் முன்வரிசையை வெளிநாட்டு வீரருக்குத் தருகின்றன. நம் பையன்கள் விங்கிலும் டிஃபென்ஸிலும் வளர்கிறார்கள். கடந்த சீசனில் அதிக கோல் அடித்த இந்தியர் யார்? 14 கோலுடன் சுனில் சேத்ரி. ஓய்வு அறிவித்தவரைத் திரும்பக் கூப்பிட்டு, 41 வயதில் மறுபடி முகாமுக்கு அழைத்திருக்கிறோம். அவர்மேல் எனக்கு அளவில்லாத மரியாதை, ஆனால் இந்த நாடு அவருக்கு மாற்று தேடாதது பெரிய தவறு. போதாக்குறைக்கு இந்த வருடம் லீக்கே இல்லை. கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது என்பதால் ஜூலையிலேயே சீசனை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அக்டோபர் வந்தும் லீக் தொடங்கவில்லை. போட்டி ஆடாத கால்களோடு நம் ஆட்கள் சிங்கப்பூரில் இறங்கப்போகிறார்கள். உங்கள் நிதானத்துக்கு நியாயமான காரணம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

அப்படியென்றால் நம்பிக்கைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. ஆகஸ்டில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற காலித் ஜமீல், ஐசால் என்ற சின்ன ஊர் அணியை 2017-ல் அப்போதைய முதல்நிலை லீக்கான ஐ-லீக்கில் சாம்பியனாக்கியவர். அவருடைய முதல் ஆட்டத்தில், மத்திய ஆசியாவின் நேஷன்ஸ் கோப்பைத் தொடரில், தஜிகிஸ்தானை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்றோம். முதல் 15 நிமிடத்துக்குள் இரண்டு கோல், இரண்டையும் அடித்தவர்கள் டிஃபெண்டர்கள்: அன்வர் அலி, சந்தேஷ் ஜிங்கன். ஸ்ட்ரைக்கர் இல்லை என்றால் லாங் த்ரோவிலும் கார்னரிலும் கோல் தேடலாம் என்று அவர் காட்டியிருக்கிறார். அந்தத் தொடரில் ஓமனையும் பெனால்டி ஷூட்டவுட்டில் வென்று மூன்றாமிடம். ஜூலையில் நம் பெண்கள் அணி சியாங் மாயில் செய்ததையும் மறக்க வேண்டாம். தரவரிசையில் நம்மைவிட மேலே இருக்கும் தாய்லாந்தை, அவர்கள் மைதானத்திலேயே 2-1 என்று வீழ்த்தினார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். முதல் பாதியில் முன்னிலை, இரண்டாம் பாதியில் தாய்லாந்து சமன் செய்தது, ஆனாலும் இவர்கள் பின்வாங்கி நிற்கவில்லை, இரண்டாவது கோலைத் தேடிப் போனார்கள்.

நீங்கள் உட்கார்ந்து பார்த்த அதே கண்டீரவாவில், 2017 அக்டோபரில் மக்காவ் அணியை 4-1 என்று அடித்துத்தான் 2019 ஆசியக் கோப்பைக்குப் போனோம். அந்த மாதிரி அடித்து ஆடும் அணியைக் கேட்க ரசிகருக்கு உரிமை உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பள்ளி மைதானங்களில் கோல் போஸ்டைவிட வாலிபால் வலைதான் அதிகம் கண்ணில் படும். அங்கிருந்து பஸ் பிடித்துப் போய் கால்பந்து பார்க்கிற நீங்களே டிரா போதும் என்றால், வேறு யார் கேட்பார்கள்?

9-ம் தேதி ஒன்றைக் கவனியுங்கள். 70-வது நிமிடத்தில் ஸ்கோர் சமமாக இருந்தால் ஜமீல் யாரை இறக்குகிறார்? இன்னொரு டிஃபெண்டரை என்றால், டிராவே கிடைத்தாலும் எனக்குக் கோபம் வரும். முன்வரிசைக்கு ஆள் அனுப்பி அதனால் தோற்றால், அடுத்த நாளே கோவா ஆட்டத்துக்கு டிக்கெட் எடுப்பேன்.