கிழட்டு நரியும் கருங்கோழியும்

கேள்வி: கொரிய அரசவையில் ஷின் தோன் என்று ஒரு புத்த பிக்கு இருந்தாராமே! அரசனை மயக்கி, பெண்களோடு கூத்தடித்து, நாட்டையே குட்டிச்சுவராக்கியதாகப் படித்தேன். ரஷ்யாவுக்கு ஒரு ரஸ்புதீன், கொரியாவுக்கு இவரா?

பதில்: ரஸ்புதீன் எத்தனை அடிமைகளை விடுவித்தார் என்று சொல்லுங்கள், பிறகு ஒப்பிடலாம்.

ஷின் தோனின் தாய் ஒரு புத்த மடத்து அடிமை. அதனால் சக துறவிகளே அவரைத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்பேர்ப்பட்டவரிடம்தான் 1365-ல் கோர்யோ (அன்றைய கொரிய அரசின் பெயர்) அரசர் கோங்மின் ஆட்சியைத் தூக்கிக் கொடுத்தார். ராணி பிரசவத்தில் இறந்த துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டார் என்பார்கள். துக்கம் நிஜம்தான். ஆனால் அரசரிடம் ஒரு கணக்கும் இருந்தது. பெரிய குடும்பங்கள் கொண்டு கொடுத்து ஒன்றையொன்று காப்பாற்றிக்கொள்கின்றன. புதிதாகத் தலையெடுப்பவனும் பெரிய வீட்டு மாப்பிள்ளையாகி அதே கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறான். படித்தவர்களோ குரு, சீடர் என்று கட்சி கட்டுகிறார்கள். கொண்டான் கொடுத்தான் இல்லாத ஓர் ஆள் வேண்டியிருந்தது அவருக்கு.

1366-ல் நில அபகரிப்பையும் அடிமைப்படுத்தியதையும் விசாரிக்கத் தனி அலுவலகம் வந்தது. தலைமை ஷின் தோன். பிடுங்கிய நிலத்தை உடையவனிடம் கொடு, அடிமையாக்கிய குடியானவனை விடு. தலைநகருக்கு 15 நாள் கெடு, வெளியூருக்கு 40 நாள். தானாகத் திருந்தினால் பழைய கணக்கைக் கிளற மாட்டோம், கெடு தாண்டினால் தண்டனை. பலர் பயந்து திருப்பிக் கொடுத்தார்கள். மகான் வந்துவிட்டார் என்று விடுதலையானவர்கள் கொண்டாடினார்கள். நிலம் போனவர்களின் வயிற்றெரிச்சலைச் சொல்ல வேண்டுமா?

அதே ஆண்டு, அரசருக்குச் சமமாக ஆசனத்தில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்து, “கிழட்டுப் பிக்குவே, இவ்வளவு திமிரா!” என்று கத்தினார் யி ஜோன்-ஓ என்ற இளம் அதிகாரி. ஷின் தோன் பதறிப்போய்த் தம்மை அறியாமல் கீழே இறங்கிவிட்டாராம். அந்தப் பதற்றத்தில் மடத்து அடிமையின் மகன் எனக்குத் தெரிகிறான்.

நீங்கள் படித்ததெல்லாம் 1451-ல் முடிந்த ‘கோர்யோசா’ என்ற அரசாங்க வரலாற்றிலிருந்து வந்த சரக்கு. ஆண்மைக்காகக் கருங்கோழியும் வெள்ளைக் குதிரையும் தின்பாராம், வேட்டை நாயைக் கண்டால் நடுங்குவாராம், ஆகவே மனித உருவில் வந்த கிழட்டு நரியாம்! எழுதியது யார்? கோர்யோவைக் கவிழ்த்து 1392-ல் அரியணை ஏறிய யி வம்சத்தின் அதிகாரிகள். கோங்மினுக்குப் பின் ஆண்ட ஊ, அவர் மகன் சாங் இருவரும் அரச ரத்தமே அல்ல, ஷின் தோனின் வாரிசுகள் என்று சொல்லித்தான் அந்த மாற்றமே நியாயப்படுத்தப்பட்டது. இருவரையும் ஷின் என்ற குடும்பப் பெயரோடு துரோகிகள் பகுதியில் தள்ளியிருக்கிறது அந்த நூல். பிக்கு காமுகனாக இல்லாவிட்டால் இவர்கள் பிழைப்பு ஓடாது. தமாஷ் என்னவென்றால், யி வம்சத்தைத் தாங்கிய கன்பூசியப் படிப்பாளிகள் தழைத்த சோங்க்யுன்குவான் கல்விச்சாலை புத்துயிர் பெற்றது 1367-ல், இந்தப் பிக்குவின் அதிகாரக் காலத்தில்!

சுத்த தங்கம் என்று சொல்ல மாட்டேன். அதிகாரம் ஏறியபின் காணிக்கை, பெண் சகவாசம் எல்லாம் அறவே இல்லை என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது. ஆனால் முதலில் சத்தியம் செய்தவர் அரசர்தான். “நீர் என்னைக் காப்பீர், நான் உம்மைக் காப்பேன், பிறர் பேச்சுக்கு மயங்க மாட்டேன், புத்தரும் வானமும் சாட்சி” என்று கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார். 1371-ல் அரசத் துரோகக் குற்றம் சாட்டி, சுவோன் என்ற ஊருக்கு விரட்டி, அங்கேயே தலையை வாங்கினார். சாட்சிகள் இருவரும் வாய் திறக்கவில்லை.